வலி போன பிறகும் ஆறாத கணுக்கால்: பாடசாலை வலைப்பந்தாட்ட வீராங்கனை ஒருவர் களம் திரும்பிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைப் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றின் வலைப்பந்தாட்ட அணியில் சென்டராக ஆடும் 16 வயது மாணவிக்கு வலது கணுக்காலில் சுளுக்கு ஏற்பட்ட நாள் முதல், அவர் மாகாண மட்டப் போட்டியில் மீண்டும் ஆடி முடித்ததற்குப் பின்னரான சில மாதங்கள் வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அவருக்குச் சிகிச்சையளித்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற நிலையிலேயே இதை எழுதுகிறேன். மாணவியும் பெற்றோரும் இதற்குச் சம்மதம் தந்துள்ளனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

வலைப்பந்தாட்டம் கணுக்காலைக் கடுமையாகச் சோதிக்கும் விளையாட்டு. பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓட முடியாது. முதலில் தரையில் ஊன்றிய காலைத் தூக்கினால், பந்து கையை விட்டுப் போகும் முன் அதே காலை மீண்டும் ஊன்றக் கூடாது. 3 விநாடிக்குள் பந்தை அனுப்பிவிடவும் வேண்டும். ஆகவே முழு வேகத்தில் ஓடி வந்து, தாவிப் பந்தைப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கிய இடத்திலேயே உடலை நிறுத்த வேண்டிய தேவை ஓர் ஆட்டத்தில் எண்ணற்ற முறை வருகிறது. இரு கோல் வட்டங்களைத் தவிர மைதானம் முழுவதும் ஓட வேண்டிய சென்டருக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

இந்த மாணவிக்கு முந்தைய ஆண்டும் இதே கணுக்காலில் சுளுக்கு ஏற்பட்டிருந்தது. அப்போது வீட்டில் தைலம் பூசி, சில நாள் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்து, நோவு போனதும் விளையாட விட்டிருக்கிறார்கள். அதன் பின்னர் மணலில் நடக்கும்போதும் சைக்கிளிலிருந்து இறங்கும்போதும் கால் அடிக்கடி பிரண்டு போவதாக அவர் தாயிடம் சொல்லி வந்துள்ளார். வீக்கமோ நோவோ இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவது காயத்துக்கான வழி அந்த ஓராண்டிலேயே திறந்துவிட்டது என்பது என் கணிப்பு. முதற் சுளுக்குக்குப் பின் 40 சதவீதம் வரையானோருக்குக் கணுக்காலில் நாட்பட்ட உறுதியின்மை நிலைத்துவிடுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. முந்தைய சுளுக்கு என்பதே அடுத்த சுளுக்குக்கான மிகத் தெளிவான முன்னறிகுறிகளில் ஒன்று.

சம்பவமும் அன்றைய இரவும்

மே மாதத்தில், கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு மாலை, பாடசாலையின் சீமெந்துத் தளத்தில் பயிற்சி நடந்தது. தளத்தைச் சுற்றியிருந்த மணல் பல மழைக்காலங்களில் அரித்துப் போனதால், ஒரு பக்க விளிம்பு தரையிலிருந்து படி போல உயர்ந்து நின்றது. காற்று அள்ளி வந்த மணலும் தளத்தின் மேல் மெல்லிய படையாகக் கிடந்தது. பக்கக் கோட்டருகே உயரமாக வந்த பந்தைப் பிடிக்கப் பின்னோக்கித் தாவிய மாணவி, வலது பாதத்தின் வெளிப்பாதி சீமெந்து விளிம்புக்கு அப்பால் போகும்படி இறங்கினார். பாதம் உட்புறமாக மடங்கியது.

விரல்கள் கீழ்நோக்கியிருக்கும் நிலையில் கணுக்கால் மூட்டின் எலும்புப் பிடிப்பு தளர்ந்திருக்கும். அந்த நிலையில் பாதம் உட்புறம் மடங்கினால், கணுக்காலின் வெளிப்பக்கத்தில் புடைத்து நிற்கும் எலும்புக் குமிழிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இணைப்பு நாரே முழு இழுவையையும் தாங்குகிறது. பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் கிழிவதும் அதுதான். இங்கும் அவ்வாறே நடந்தது. விழுந்தவுடன் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. சற்று நேரத்தின் பின் தோழியரின் தோளைப் பிடித்தபடி நொண்டி நடந்தார்.

வீட்டில் அம்மம்மா எண்ணெயைச் சுடவைத்துக் காலை நன்றாக உருவிவிட்டு, சூடான புக்கை (ஒத்தடப் பொதி) கட்டியிருக்கிறார். மறுநாட் காலை தாய் அவரை அழைத்து வந்தபோது வீக்கம் விரல்கள் வரை இறங்கியிருந்தது.

முதற் பரிசோதனை

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி எலும்பு முறிந்திருக்கிறதா என்பதே. இதற்கு நான் பின்பற்றுவது, கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்டு, பின்னர் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்த ஒட்டாவா விதிகள். கணுக்காலின் இருபக்கக் குமிழ்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தும்போது எலும்பில் நோவு இருந்தால், அல்லது காயம் பட்ட உடனேயும் பரிசோதனை வேளையிலும் 4 காலடி நடக்க முடியாதிருந்தால் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் நடுப்பகுதியில் நோவிருந்தால் இன்னும் இரண்டு இடங்களை அழுத்திப் பார்க்க வேண்டும்: உட்புறத்தில் உள்ள படகெலும்பு, சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கிச் செல்லும் நீள எலும்பின் அடிப்பகுதி.

மாணவி நொண்டியேனும் 4 காலடி நடந்தார். குமிழ்களின் பின்விளிம்பில் நோவில்லை. வெளிக்குமிழின் முன்புறத்தில் கடும் நோவு இருந்தது. ஆனால் சுண்டுவிரல் எலும்பின் அடியை அழுத்தியபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். பாதத்தை வெளிப்புறம் திருப்பும் தசைகளுள் ஒன்று அந்த இடத்தில்தான் பற்றியிருக்கிறது. கால் மடங்கும்போது ஏற்படும் இழுவை எலும்பின் ஒரு துண்டைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வைத்தியசாலைக்கு அனுப்பினேன். முறிவு இல்லை என்ற முடிவு பிற்பகலில் வந்தது.

அந்த முடிவை வீட்டார் கேட்ட விதம் எனக்குக் கவலை தந்தது. முறிவில்லை என்றால் காயமே இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேயில் இணைப்பு நார்கள் தெரிவதில்லை. முறிவில்லை என்ற நல்ல செய்தியோடு, எக்ஸ்ரேயில் தெரியாத நார் கிழிந்திருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லி அனுப்பாவிட்டால், பலருக்குச் சிகிச்சை அந்த எக்ஸ்ரே உறையோடு முடிந்துவிடுகிறது. எழுவான்கரையிலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் நான் காணும் பழைய சுளுக்குகள் பலவற்றின் தொடக்கம் இந்த இடமே.

முதல் ஐந்து நாட்கள்

பிளாஸ்டர் போடாமல், தாங்கக்கூடிய அளவுக்குக் காலை ஊன்றி நடக்க வைக்க முடிவு செய்தேன். முறிவற்ற சுளுக்குகளில் நீண்ட நாள் அசையாமல் கட்டி வைப்பதை விட, காப்போடு கூடிய ஆரம்ப அசைவே வேலைக்கும் விளையாட்டுக்கும் விரைவாகத் திரும்ப உதவுகிறது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. கிரேப் பன்டேஜ் சுற்றி, காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொன்னேன். முதல் இரண்டு நாட்கள் ஊன்றுகோல் ஒன்று கொடுக்கப்பட்டது. நோவைத் தணிக்க, அயலில் இருந்த மீன் வியாபாரியின் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேற்படாமல் வைத்தார்கள். ஐஸ் நோவைக் குறைக்கும். நாரை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

புக்கையைப் பற்றிய பேச்சுக்குத்தான் அதிக நேரம் தேவைப்பட்டது. முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் உருவுதலும் உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டும்; ஆகவே அவற்றை நிறுத்த வேண்டியிருந்தது. ஆயினும் பேத்திக்காக இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரிடம் அவர் செய்தது கேடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்த வீட்டில் என் சொல் எதுவும் நிற்காது. உருவுவதைச் சில நாள் தள்ளிவைக்கும்படியும், காலை உயர்த்தி வைப்பதையும் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் அசைக்க வைப்பதையும் அம்மம்மாவே பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டேன். அவர் அதை என் எதிர்பார்ப்பை விடக் கண்டிப்பாக நிறைவேற்றினார். அந்த வாரத்தில் எடுத்த முடிவுகளில் அதிகப் பலன் தந்தது இதுவே என்று கருதுகிறேன்.

நாரின் கிழிவை மதிப்பிடும் பரிசோதனையை ஐந்தாம் நாளுக்கு ஒத்தி வைத்தேன். முதல் இரண்டு நாட்களில் நோவும் வீக்கமும் தசை இறுக்கமும் சேர்ந்து மூட்டின் தளர்வை மறைத்துவிடும். ஐந்தாம் நாள் குதிகாலைப் பிடித்து முன்னோக்கி இழுத்துப் பார்த்தபோது வலது கணுக்கால் இடதை விடக் கூடுதலாக நகர்ந்தது. எனினும் ஓர் எல்லையில் நின்றது. முழங்காலுக்குக் கீழே இரு எலும்புகளையும் சேர்த்து அழுத்தியபோது கணுக்காலில் நோவு எழாததால், மேற்கணுக்கால் இணைப்புக் காயம் (அந்த இரு எலும்புகளையும் கணுக்காலுக்குச் சற்று மேலே பிணைக்கும் நாரின் காயம்) இருப்பதற்கான சாத்தியம் குறைவென்று கொண்டேன். பகுதியளவான கிழிவு, அதாவது இரண்டாம் தரச் சுளுக்கு என்று பதிவு செய்தேன்.

சடங்குக் காலத்தில் தெரிந்தது

இரண்டாம் வார முடிவில் மாணவி நொண்டாமல் நடந்தார்; நோவில்லை என்றார். அவ்வேளை ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சடங்கின் நிறைவான குளிர்த்தியன்று இரவு முழுவதும் வெறுங்காலுடன் கோயில் வீதியின் மணலில் நின்றும் நடந்தும் இருந்திருக்கிறார். அப்போதும் நோவு இல்லை. மறுநாட் காலையில் வெளிக்குமிழைச் சுற்றி மீண்டும் வீங்கியிருந்தது. படி இறங்கும்போது கால் விறைத்தது.

இந்த ஒரு நிகழ்வு எனக்கும் வீட்டாருக்கும் பல நாள் விளக்கத்தை விட அதிகம் கற்றுத் தந்தது. சுமையைச் சுமக்கும் வேளையில் கால் முறையிடவில்லை; அடுத்த 24 மணி நேரத்தில்தான் முறையிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியின் பின்னும் மறுநாட் காலை வீக்கத்தையும் விறைப்பையும் பார்த்து, அவை இல்லாதபோது மட்டும் அடுத்த படிக்குப் போவது என்ற ஒழுங்கை ஏற்படுத்தினோம்.

வலயப் போட்டி பற்றிய முடிவு

வலய மட்டப் போட்டி மூன்றாம் வார இறுதியில் வந்தது. அதில் தகுதி பெற்றால்தான் அணி மாகாண மட்டத்துக்குப் போகலாம். அணியில் சென்டராக ஆடக்கூடிய வேறொருவர் முதன்முறை ஆடும் 14 வயதுப் பிள்ளை. பொறுப்பாசிரியைக்கு இருந்த நெருக்கடி உண்மையானது. மாணவியோ, “மிஸ், டேப் சுத்திவிட்டா விளையாடலாந்தானே?” என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டார். “நோவு போயித்தா பிள்ள ஓடலாந்தானே மகள்?” என்று அம்மம்மாவும் கேட்டார்.

பதிலை அபிப்பிராயமாகச் சொல்லாமல் எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டத் தீர்மானித்தேன். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில், இடது பாதம் சுவரிலிருந்து 11 சென்டிமீற்றர் தூரத்தில் இருந்தது. வலது பாதத்துக்கு 6.5 சென்டிமீற்றர்தான் முடிந்தது. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தும் சோதனையில் இடது கால் 24 தடவை உயர, வலது கால் 11இல் நின்றது. ஒரு காலில் நின்றபடி மற்றக் காலைச் சோக்குக் கோட்டின் வழியே முன்னோக்கி நீட்டியபோது இரு பக்கங்களுக்கும் இடையே 7 சென்டிமீற்றர் வித்தியாசம் இருந்தது. 4 சென்டிமீற்றருக்கு மேற்பட்ட வித்தியாசத்தைக் காய ஆபத்தின் அறிகுறியாகக் கொள்வது வழக்கம். கண்ணை மூடி வலது காலில் நிற்கச் சொன்னபோது அவர் சில விநாடிகளில் சரிந்தார். அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர் அதன் பின் பேசவில்லை.

டேப் பற்றிய கேள்விக்கும் நேரான பதில் தேவைப்பட்டது. முன்பு சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கு டேப்பும் கணுக்கால் காப்பும் மறு சுளுக்கைக் குறைக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் அவை தசையின் பலத்தையோ, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வையோ திருப்பித் தருவதில்லை. கிழிந்த நாரோடு அந்த உணர்வைத் தரும் நரம்பு முனைகளும் பாதிக்கப்படுகின்றன. நாரில் புதிய இழைகள் வாரக் கணக்கில் உருவாகின்றன. அவை இழுவையின் திசையில் அடுக்காகி வலுப்பெற மாதங்கள் செல்கின்றன. மேசன் வேலை செய்யும் தந்தை இதை என்னை விட நன்றாகச் சொன்னார்: கொங்கிரீட் மேலே காய்ந்துவிட்டதென்று மறுநாளே முட்டுக் கழற்றுவதில்லை என்றார்.

வலயப் போட்டியில் ஆடுவதில்லை என்று முடிவானது. மாணவியை வீட்டில் வைக்காமல் அணியோடு அனுப்பினோம். அவர் கோட்டருகே இருந்து இளைய சென்டருக்கு இடம் சொல்லிக் கொடுத்தார். அணி இரண்டாம் இடத்தைப் பெற்று மாகாண மட்டத்துக்குத் தகுதி பெற்றது. தோற்றிருந்தாலும் இந்த முடிவு சரியானதே என்பதை அங்கேயே ஆசிரியையிடம் சொல்லிவைத்தேன். முடிவின் தரத்தை ஆட்டத்தின் பெறுபேற்றால் அளக்கத் தொடங்கினால் அடுத்த பிள்ளையைக் காக்க முடியாது.

பயிற்சிக் காலம்

மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையான பயிற்சிக்கு விலையுயர்ந்த எதுவும் தேவைப்படவில்லை. பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டில் காலில் கட்டி, பாதத்தை வெளிப்புறம் தள்ளும் தசைகளுக்குப் பலம் ஊட்டினோம். குதிகால் உயர்த்துவதை முதலில் இரு காலிலும், பின்னர் ஒற்றைக் காலிலும், பிறகு படியின் விளிம்பில் நின்றும் செய்தார். சமநிலைப் பயிற்சி தரையில் தொடங்கி மடித்த மெத்தைக்கு மாறியது. அங்கே ஒற்றைக் காலில் நின்றபடியே தங்கை எறியும் பந்தைப் பிடித்தார். பந்தில் கவனம் இருக்கும்போது கணுக்கால் தானாக வேலை செய்யப் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

ஓட்டத்துக்குக் கடற்கரைதான் வசதி என்று பலரும் சொன்னார்கள். எழுவான்கரைப் பிள்ளைகள் அனைவரும் ஓடிப் பழகும் இடம் அது. ஆயினும் அலை நனைக்கும் ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. அதில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கணுக்கால் எப்போதும் சாய்ந்தபடியே இறங்கும். காய்ந்த மணலோ ஒவ்வொரு அடியிலும் புதைந்து எதிர்பாராத விதத்தில் காலைத் திருப்பும். அதனால் நேர் ஓட்டத்தைப் பாடசாலையின் சமதரையில் தொடங்கி, கடற்கரை மணலை ஏழாம் வாரத்தில், நடைக்கு மட்டும் சேர்த்தேன்.

தாவி இறங்கும் பயிற்சியில் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. ஆறாம் வாரத்தில் பலமும் அசைவும் நன்றாகத் தேறியிருந்தும், வலப்பக்கமாகத் தாவும் ஒவ்வொரு முறையும் அவர் இடது காலையே ஊன்றினார். கேட்டபோது, அந்த விளிம்பு கண்ணில் தெரிவதாகச் சொன்னார். பயம் காயத்தின் ஒரு பகுதிதான். 2021இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட களம் திரும்பல் வழிகாட்டலிலும் நோவு, மூட்டின் அசைவும் பலமும், சமநிலை, விளையாட்டுத் திறன் ஆகியவற்றோடு வீரரின் தன்னம்பிக்கையும் சம இடம் பெறுகிறது. தளத்தின் நடுவே தரையில் வரைந்த கோட்டின் மேல் சிறு தாவலாகத் தொடங்கி, தூரத்தையும் வேகத்தையும் கூட்டி, இறுதியில் பக்கக் கோட்டருகே கொண்டுவந்தோம். இதற்கிடையில் தந்தை தன் செலவில் அந்த விளிம்பை ஒட்டி மண் நிரப்பிச் சரிவாகச் சீமெந்து பூசிவிட்டார். பயம் குறைந்ததற்குப் பயிற்சியும் சீமெந்தும் இரண்டுமே காரணம் என்று நம்புகிறேன்.

களம் திரும்பல்

எட்டாம் வாரத்தில் அதே சோதனைகளை மீண்டும் செய்தோம். சுவர்ச் சோதனையில் வித்தியாசம் 1 சென்டிமீற்றராகக் குறைந்திருந்தது. குதிகால் உயர்த்துவதில் வலது கால் 23, இடது கால் 25. முன்னோக்கி நீட்டுவதில் வித்தியாசம் 2 சென்டிமீற்றர். 30 சென்டிமீற்றர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கிடையே ஒற்றைக் காலில் பக்கவாட்டாக 10 தடவை தாவுவதில் இரு கால்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடித்தது. அதன் பின் மூன்று முழுப் பயிற்சிகளில் பங்கேற்றார். மறுநாட் காலைகளில் வீக்கமில்லை.

ஒன்பதாம் வாரத்தில் மாகாணப் போட்டியில் ஆட அனுமதித்தேன். நிபந்தனைகள் இரண்டு: கணுக்கால் காப்பு அணிய வேண்டும், ஓர் ஆட்டத்தில் இரண்டு பகுதிகளுக்கு மேல் ஆடக் கூடாது. சோதனைகளில் தேறிய கால் களைப்பில் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவது நிபந்தனையில் ஆசிரியை உறுதியாக நின்றார்; காலிறுதியின் கடைசிப் பகுதியில் அணி பின்தங்கியிருந்த வேளையிலும் அவரைக் களமிறக்கவில்லை. அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. அன்று மாலை சிறிதளவு வீக்கம் தெரிந்தது, காலையில் வடிந்துவிட்டது.

அதன் பின்னர்

அடுத்த மாதங்களில் புதிய சுளுக்கு எதுவும் ஏற்படவில்லை. ஒருமுறை கால் பிரண்டபோது அவரே சமாளித்து நின்றுகொண்டார். ஆனால் போட்டிக் காலம் முடிந்ததும் வீட்டுப் பயிற்சி நின்றுபோனது. வடகீழ்ப் பருவமழை தொடங்கி மைதானம் நீரில் நின்ற நவம்பரில் பரிசோதித்தபோது பலம் குறையாமலே இருந்தது. கண்ணை மூடி நிற்கும் சமநிலையோ தெளிவாகப் பின்வாங்கியிருந்தது. மறு சுளுக்கின் ஆபத்து முதல் ஓராண்டில் மிக அதிகம் என்பதால் பயிற்சியை மீண்டும் தொடங்கினோம். பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது என்று அதை அன்றாட வேலையோடு சேர்த்த பிறகுதான் அது நிலைத்தது.

மாற்ற வேண்டியவை

முதற் சுளுக்கிலேயே இந்த மாணவி பரிசோதிக்கப்பட்டிருந்தால் இரண்டாவது காயம் தவிர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. வீங்கிய ஒவ்வொரு கணுக்காலையும் பாடசாலையின் காயப் பதிவேட்டில் எழுதி, நோவு போன பின் ஒரு முறையாவது அளந்து பார்த்த பிறகே பிள்ளையை ஆட விட வேண்டும். அதற்குத் தேவை ஒரு சுவர், ஒரு அளவுநாடா, ஒரு துண்டுச் சோக்கு. உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். போட்டித் திகதியும் காயம் ஆறும் காலமும் மோதும்போது மாற்று வீராங்கனை இல்லாமையே தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. ஆதலால் ஒவ்வொரு இடத்துக்கும் இருவரைப் பழக்குவது காயத்தடுப்பின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். தளத்தின் விளிம்புகளையும் மேலே படியும் மணலையும் தவணை தொடங்கும்போதே பார்க்க வேண்டும்.

சமநிலைப் பயிற்சியைக் காயமடைந்தவருக்கு மட்டும் கொடுக்காமல் அணி முழுவதின் உடல் சூடாக்கலில் சேர்ப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்தப் பாடசாலையில் இப்போது ஒவ்வொரு பயிற்சியும் கூட்டுமாறால் தளத்தைக் கூட்டுவதோடு தொடங்குகிறது. அடுத்து, வீராங்கனைகள் இருவர் இருவராக ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பரிமாறிக்கொள்கிறார்கள். காயப் பதிவேட்டில் காயப்பட்ட திகதிக்குப் பக்கத்தில், சோதனையில் தேறிய திகதிக்கென்று இன்னொரு நிரலை ஆசிரியை சேர்த்திருக்கிறார். அந்த நிரல் வெறுமையாக உள்ளவரின் பெயர் போட்டிப் பட்டியலில் எழுதப்படுவதில்லை.